ராத்திரி செக்கிங்கில் "ஊதுங்க" என்றால்: 185 கேஸில் டிரைவரின் உரிமை எதுவரை?

மஞ்சள் போர்டு

டிராவல்ஸ் டிரைவர்களுக்காக ஒரு பக்கக் குறிப்பு தயார் செய்கிறேன். குடித்துவிட்டு ஓட்டக் கூடாது என்பது அவர்களுக்கே தெரியும். செக்கிங்கில் நிறுத்தி ஊதச் சொன்னால் என்னென்ன நடக்கும், எதைக் கேட்டு வாங்கலாம், எதைக் கேட்டால் வம்பில் முடியும் என்பதுதான் வேண்டும். வாட்ஸ்அப்பில் ஒரு பார்வர்ட் சுற்றுகிறது, அதை எல்லோரும் வேதவாக்காக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அதில் இருப்பது:

"ரத்தம் எடுக்காமல் கேஸ் நிற்காது. அரசியல் சாசனம் 20(3) இருப்பதால் ஊத மாட்டேன் என்று சொல்லலாம். வண்டியைத் தொடப் போலீஸுக்கு அதிகாரமே இல்லை. பத்தாயிரம் கட்டினால் அந்த இடத்திலேயே கணக்கு முடிந்தது."

இதில் எது சரி, எது தப்பு? பிரிவு எண்ணோடு சொன்னால் உதவியாக இருக்கும். தமிழ்நாட்டு நடைமுறை போதும்.

கோர்ட் வராண்டா

நாலும் தப்பு. ஆனால் நாலிலும் கொஞ்சம் உண்மை ஒட்டிக்கொண்டிருக்கிறது, டிரைவர்கள் நம்புவதற்கு அதுதான் காரணம்.

முதலில் குற்றம் எது என்று பார்த்துவிடலாம். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 185. ஓட்டும்போதோ ஓட்ட முயலும்போதோ 100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கி.க்கு மேல் ஆல்கஹால் இருக்க வேண்டும். மெஷின் சரியாக 30 காட்டினால் குற்றம் இல்லை, 31 காட்டினால் குற்றம். கார், லாரி, பைக், மஞ்சள் போர்டு, வெள்ளை போர்டு எல்லாவற்றுக்கும் ஒரே அளவுதான். பின் சீட்டில் படுத்துத் தூங்குகிறவர் மேல் இந்தப் பிரிவு பாயாது. ஸ்டீயரிங்குக்கு முன்னால் உட்கார்ந்து, இன்ஜினை ஓடவிட்டு ஏசி போட்டுக்கொண்டு தூங்கினால் "ஓட்ட முயன்றார்" என்று எழுத இடம் கொடுத்ததாகிவிடும்.

ரத்தம் எடுக்காமல் கேஸ் நிற்குமா? நிற்கும். 203-வது பிரிவே மூச்சுச் சோதனை முடிவைச் சாட்சியமாக ஏற்கலாம் என்கிறது. 2019 திருத்தம் 185-ல் "ஆய்வகச் சோதனை உட்பட வேறு எந்தச் சோதனையிலும்" என்று சேர்த்தது. அதாவது மூச்சு, ரத்தம் இரண்டில் ஒன்று போதும். பார்வர்டில் உள்ள உண்மை வேறு இடத்தில் இருக்கிறது. மெஷினும் இல்லை, ரத்தமும் இல்லை, அரசு மருத்துவமனை டியூட்டி டாக்டரின் சர்டிபிகேட் மட்டும்தான் என்றால் கேஸ் தள்ளாடும். வாயில் மது வாடை, தள்ளாட்டம், உளறல், விரிந்த கண்மணி, இவை மட்டும் போதாது என்று சுப்ரீம் கோர்ட் 1971-லேயே சொல்லிவிட்டது. "மது அருந்தியிருக்கிறார், ஆனால் மதுவின் பிடியில் இல்லை" என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடும் டாக்டர்கள் உண்டு. 185-ன் முதல் பகுதிக்குத் தேவை எண். அந்த வரியில் எண் இல்லை.

கஞ்சா, மாத்திரை வகையறாவுக்கு அதே பிரிவின் இரண்டாம் பகுதி. அங்கே எண் கிடையாது. வண்டியைக் கட்டுப்படுத்த முடியாத அளவுக்குப் போதை இருந்தது என்று காட்ட வேண்டும்.

ஊத மறுப்பது பற்றி. 20(3) தடுப்பது ஒருவரைத் தனக்கு எதிராகச் சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்துவதை. கைரேகை, கையெழுத்து மாதிரி போன்றவை அந்தப் பாதுகாப்புக்குள் வராது என்று 1961-ல் காத்தி காலு ஓகத் வழக்கில் 11 நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. ஊதும் மூச்சுக்கும் அதே வாதம்தான். மறுத்தால் இரண்டு விளைவு. 203(4)-ன்படி, குடித்திருக்கிறார் என்று சந்தேகிக்க நியாயமான காரணம் இருந்தால் வாரன்ட் இல்லாமல் கைது செய்யலாம். 205-ன்படி, அந்த மறுப்பையே உங்களுக்கு எதிரான சூழ்நிலையாக கோர்ட் எடுத்துக்கொள்ளலாம். 28 காட்டியிருக்க வேண்டிய ஆள் மறுத்துவிட்டு, நிரபராதி என்று காட்டும் ஒரே காகிதத்தை இழந்து நிற்பதுதான் இதில் நடக்கிற கூத்து.

மறுக்க "நியாயமான காரணம்" இருந்தால் 205 பாயாது. ஆஸ்துமா, நெஞ்சு ஆபரேஷன் மாதிரி ஊதவே முடியாத நிலை என்றால், "ஊத மாட்டேன்" என்று சொல்லாமல் "ஊத முடியவில்லை, ரத்தம் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்ல வேண்டும். இரண்டுக்கும் சட்டத்தில் நிறைய தூரம்.

கைது. சீருடையில் இருக்கும் அதிகாரி மட்டுமே 202, 203 பிரிவுகளில் கைது செய்யலாம். 185-க்காகக் கைது செய்தால் இரண்டு மணி நேரத்துக்குள் பதிவு பெற்ற மருத்துவர் பரிசோதிக்க வேண்டும், இல்லாவிட்டால் காவலிலிருந்து விட்டுவிட வேண்டும். 202-வது பிரிவிலேயே இருக்கிறது. இதைப் பலர் "இரண்டு மணி நேரம் தாண்டினால் கேஸே போச்சு" என்று புரிந்துகொள்கிறார்கள். போகாது. காவல்தான் முடியும், வழக்கு அப்படியே நிற்கும். ஆனால் கைது செய்த நேரம் எந்தக் காகிதத்திலும் இல்லை என்றால் இந்த இரண்டு மணியை யாரும் எண்ண முடியாது. அதனால் அரெஸ்ட் மெமோவில் நேரம் எழுதியிருக்கிறதா என்று பார்த்து, அதற்குப் பிறகு கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.

மெமோ பற்றி இன்னும் கொஞ்சம். 2024 ஜூலை 1 முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதில் பிஎன்எஸ்எஸ். அதன் 36-வது பிரிவில் அரெஸ்ட் மெமோ, ஒரு சாட்சியின் கையெழுத்து, அதிகாரியின் பெயர் தெரியும் பேட்ஜ். 47-ல் கைதுக்கான காரணத்தையும் ஜாமீன் உரிமையையும் சொல்ல வேண்டும். 48-ல் வீட்டாருக்கோ நண்பருக்கோ தகவல். 38-ல் விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்கும் உரிமை, ஆனால் விசாரணை முழுக்க அவர் கூடவே உட்கார முடியாது. 53-ல் மருத்துவப் பரிசோதனை, அந்த அறிக்கையின் நகல் கைதானவருக்கு. இந்த நகலைக் கேட்டு வாங்குகிறவர்கள் மிகக் குறைவு.

185 ஜாமீனில் விடக்கூடிய குற்றம். முதல் முறை 6 மாதம் வரை, அடுத்த முறை 2 வருடம் வரை. இரண்டுமே 3 வருடத்துக்குக் கீழ். பிஎன்எஸ்எஸ் 478-ன்படி ஸ்டேஷனிலேயே ஜாமீன் தர வேண்டும். அது அதிகாரி காட்டும் சலுகை அல்ல. இங்கேதான் டிரைவர்கள் தாங்களாகவே போய்க் குழியில் விழுகிறார்கள். வாக்குவாதம் முற்றி, மெஷினைத் தட்டிவிட்டு, சட்டையைப் பிடித்தால் பிஎன்எஸ் (இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் வந்தது) 132, அதாவது அரசு ஊழியரை வேலை செய்யவிடாமல் தாக்குவது, பழைய 353. அது ஜாமீனில் விட முடியாத குற்றம். ஜாமீன் கிடைக்கும் கேஸோடு நின்றவர் ரிமாண்டுக்குப் போவது அப்படித்தான்.

பெண் டிரைவர் இருந்தால் இரண்டு விஷயம். ரத்தம் எடுப்பவர் ஆண் மருத்துவர் என்றால் இன்னொரு பெண் கூட இருக்க வேண்டும் (பிரிவு 204). சூரியன் மறைந்து உதிப்பதற்குள் கைது என்றால் விதிவிலக்கான சூழ்நிலை வேண்டும், பெண் அதிகாரி மாஜிஸ்திரேட்டிடம் முன் அனுமதி வாங்க வேண்டும். இந்த இரண்டாவது விதியை மீறியதாலேயே கைது செல்லாது என்று ஆகிவிடாது என 2025-ல் மதுரைக் கிளை சொல்லியிருக்கிறது. அதனால் அதையே கேடயமாக நம்ப வேண்டாம்.

ஃப்யூயல் செல்

வக்கீல் சார் சட்டத்தைச் சொல்லிவிட்டார், நான் மெஷினைச் சொல்கிறேன்.

கையில் பிடிக்கும் மெஷினில் இருப்பது ப்யூயல் செல் சென்சார். மூச்சில் உள்ள ஆல்கஹாலை அளந்து, 2100 மடங்கால் பெருக்கி ரத்த அளவாகக் காட்டும். ஆகவே 100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கி. என்றால் ஒரு லிட்டர் மூச்சில் சுமார் 0.143 மி.கி. சில மெஷின் சதவீதத்தில் காட்டும், 0.030 என்றால் நம்முடைய 30-தான். திரையில் 0.14 என்று பார்த்துவிட்டு "பாயின்ட் ஒன் ஃபோர்தானே" என்று ஒருவர் நிம்மதியாவதும், அதே எண்ணைச் சதவீதமாகப் படித்து 140 என்று இன்னொருவர் பதறுவதும் நடக்கும். எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் அலகை முதலில் பார்க்க வேண்டும்.

மெஷினில் இரண்டு முறை உண்டு. குழாய் இல்லாமல் தூரத்திலிருந்து ஊதச் சொல்வது சும்மா மோப்பம் பிடிக்கிற முறை, ஆல்கஹால் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் சொல்லும். கேஸுக்கு வேண்டியது குழாய் வைத்து, இடைவிடாமல் சில விநாடி ஊதி வரும் எண். கேட்க வேண்டியவை: உறை பிரிக்காத புதுக் குழாய், ஊதுவதற்கு முன் மெஷின் பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்ப்பது, இதைத்தான் பிளாங்க் டெஸ்ட் என்பார்கள், ஊதி முடித்ததும் பிரின்ட். பூஜ்யம் பார்க்காமல் முந்தைய ஆள் ஊதிய சூட்டோடு அடுத்தவரிடம் நீட்டினால், அந்த ரீடிங்கை கோர்ட்டில் கேள்வி கேட்க இடம் இருக்கிறது. பிரின்டில் மெஷின் சீரியல் எண், டெஸ்ட் எண், தேதி, நேரம், ரீடிங் இருக்கும். மெஷின் கடிகாரமும் அரெஸ்ட் மெமோ நேரமும் முன்பின்னாக இருப்பது சாதாரணமாக வரும் கோளாறு. அந்தச் சீட்டு வெப்பத்தில் அச்சாகும் தாள், வண்டி டேஷ்போர்டில் வைத்தால் சில வாரத்தில் வெள்ளையாகிவிடும். அன்றே போனில் படம் எடுத்துவிடுங்கள்.

வாயில் தங்கிய ஆல்கஹால் தனிப் பிரச்சினை. மவுத்வாஷ், ஹோமியோபதி சொட்டு, அரிஷ்டம், ஏப்பம் எல்லாம் சில நிமிஷத்துக்கு எண்ணை ஏற்றிவிடும். 15 நிமிஷம் பொறுத்து, எதையும் வாயில் போடாமல் மறுபடி ஊதினால் அது இறங்கிவிடும், ரத்தத்தில் உள்ளது இறங்காது. வாய் கொப்பளிக்கத் தண்ணீர் கேளுங்கள், 15 நிமிஷம் கழித்து இரண்டாவது தடவை ஊத அனுமதி கேளுங்கள். 203-ல் "ஒன்று அல்லது அதற்கு மேற்பட்ட மாதிரி" என்றே இருக்கிறது. கைதாகி ஸ்டேஷனுக்குப் போனால் அங்கே மறுபடி ஊத வாய்ப்புத் தர வேண்டும் என்று 203(5) சொல்கிறது.

"அரிஷ்டம் குடித்தேன்" என்ற பதிலைக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். அரிஷ்டத்தில் 10 சதவீதம் ஆல்கஹால் என்று வைத்தாலும் 30 மி.லி.யில் வருவது இரண்டரை கிராமுக்கும் குறைவு. 70 கிலோ ஆளுக்கு அது ரத்தத்தில் சுமார் 5 மி.கி. 15 நிமிஷம் கழித்தும் மெஷின் 60 காட்டினால் அதற்கு அரிஷ்டம் காரணமில்லை. 2025-ல் கேரளாவின் பந்தளம் அரசு பஸ் (கேஎஸ்ஆர்டிசி) பணிமனையில் பலாச்சுளை சாப்பிட்ட டிரைவர்களுக்கு மெஷின் கத்தியது செய்தியாக வந்தது. அதுவும் வாய் சமாச்சாரம்தான், கொஞ்ச நேரத்தில் போய்விடும்.

கையில் சானிட்டைசர் தடவிக்கொண்டு மெஷினைப் பிடிப்பதும் இதே குழப்பத்தைத் தரும். போலீஸ்காரர் கையில் இருந்தாலும் சரிதான்.

டிராவல்ஸ் என்பதால் இதை அவசியம் குறிப்பில் சேருங்கள். டாஸ்மாக் சரக்கு 42.8 சதவீதம். 30 மி.லி. ஸ்மாலில் 10 கிராம் ஆல்கஹால். 70 கிலோ ஆணுக்கு அது சுமார் 21 மி.கி., ஆக 60 மி.லி. லார்ஜ் ஒன்றே 30-ஐத் தாண்டிவிடும். 90 மி.லி. கட்டிங் 64 வாக்கில். குவார்ட்டர் 128 வாக்கில். 55 கிலோ பெண்ணுக்கு ஒரே ஸ்மால் 33. 650 மி.லி. பீர் 5 சதவீதம் என்றால் 54, 8 சதவீத ஸ்ட்ராங் என்றால் 86. உடம்பு மணிக்குச் சுமார் 15 மி.கி. கழிக்கும், சிலருக்கு 10-தான். குவார்ட்டரை 11 மணிக்கு முடித்துவிட்டுத் தூங்கியவர் காலை 4 மணி ஏர்போர்ட் ட்ரிப்புக்கு எழுந்தால் ரத்தத்தில் இன்னும் 50 இருக்கும். தலை தெளிவாக இருக்கும், வாடையும் இருக்காது, மெஷினில் எண் வரும். மோர், எலுமிச்சை, குளியல், கறுப்புக் காபி எதுவும் அந்த 15-ஐ 16 ஆக்காது. இதெல்லாம் சராசரிக் கணக்கு. ஆளுக்கு ஆள், சாப்பாட்டுக்குச் சாப்பாடு கூடும் குறையும், ஆகவே விளிம்பில் நின்று கணக்குப் போட வேண்டாம்.

ரத்தம் எடுக்கும்போது ஒன்று. ஊசி போடும் இடத்தைச் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டால் துடைக்கக் கூடாது, அதுவே ஆல்கஹால். சோப்புத் தண்ணீரோ ஆல்கஹால் இல்லாத மருந்தோதான். சோடியம் ஃப்ளோரைடு போட்ட குப்பியில் எடுத்து, சீல் வைத்து, லேபிளில் பெயர், தேதி, நேரம் எழுத வேண்டும். ஃப்ளோரைடு இல்லாமல் வெயிலில் கிடந்த ரத்தத்தில் கிருமிகளே சர்க்கரையைப் புளிக்க வைத்து ஆல்கஹால் உண்டாக்கும்.

மஞ்சள் போர்டு

வக்கீல் சாருக்கும் ப்யூயல் செல் சாருக்கும் ரொம்ப நன்றி. வண்டி, பணம் இரண்டும் பாக்கி. எங்களுக்கு வண்டி நின்றால் அன்றைய ட்ரிப்பே போய்விடும். சாவியைப் பிடுங்கினால் என்ன செய்வது? அபராதத்தை அங்கேயே கட்டி ரசீது வாங்க முடியுமா?

ரைட்டர் மேசை

பணம் முதலில். 185 ஸ்பாட் ஃபைன் குற்றம் இல்லை. போலீஸே சமாதானக் கட்டணம் வாங்கி முடிக்கக்கூடிய பிரிவுகளின் பட்டியல் 200-வது பிரிவில் இருக்கிறது. ஹெல்மெட், சீட் பெல்ட், ஓவர் ஸ்பீடு எல்லாம் அதில் உண்டு, 185 இல்லை. செல்லான் மெஷினில் 10,000 என்று வந்தாலும் அதை விதிக்கிறவர் மாஜிஸ்திரேட். ரோட்டில் வைத்து யாராவது ரொக்கமாகக் கேட்டால் அது அபராதம் அல்ல. வேறு என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வண்டி. 207-ல் வண்டியைப் பிடித்து வைக்கும் அதிகாரம் உண்டு, ஆனால் அது லைசென்ஸ், ஆர்சி, பெர்மிட் இல்லாத கேஸ்களுக்கு. 185 அந்தப் பட்டியலில் இல்லை. டிரைவரிடம் லைசென்ஸும் இல்லை என்றால் 207 தானாக வந்துவிடும். 185 மட்டும் என்றால் 202(3): கைது செய்யும் அதிகாரி வண்டியைத் "தற்காலிகமாக" ஒப்படைக்க வேண்டிய ஏற்பாட்டைச் செய்யலாம். குடித்தவரிடமே சாவியைத் திருப்பித் தர யாருக்கும் சட்டம் சொல்லாது, அதனால் "தொடவே அதிகாரம் இல்லை" என்பது தப்பு.

தெலங்கானா உயர் நீதிமன்றம் 2021 நவம்பரில் இதை விரித்துச் சொன்னது. வண்டியில் குடிக்காத, லைசென்ஸ் உள்ள வேறு ஆள் இருந்தால் அவரிடம் ஒப்படை. இல்லையென்றால் உறவினரையோ நண்பரையோ வரவழைக்க விடு. யாரும் வராவிட்டால் மட்டும் ஸ்டேஷனில் வை, பிறகு ஆர்சியும் அடையாள அட்டையும் காட்டும் உரிமையாளரிடம் கொடு. அந்தத் தீர்ப்பு தமிழ்நாட்டைக் கட்டுப்படுத்தாது, ஆனால் மனு போடும்போது கைகொடுக்கும். இங்கே அபராதம் கட்டி ரசீது காட்டும் வரை வண்டியை நிறுத்தி வைக்கும் பழக்கம் உண்டு. அப்படி நின்றால் பிஎன்எஸ்எஸ் 497 அல்லது 503-ல் இடைக்கால ஒப்படைப்பு மனு. வண்டிகளை ஸ்டேஷன் வாசலில் மாதக்கணக்கில் துருப்பிடிக்க விடக் கூடாது என்று 2002-ல் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்னது இன்னும் செல்லும்.

நடைமுறையில் உங்களுக்கு ஒரே வேலைதான். ராத்திரி ட்யூட்டியில் ஒரு மாற்று டிரைவர் எண் எப்போதும் எடுக்கும்படி இருக்கட்டும். அவர் ஒரிஜினல் லைசென்ஸோடு வந்து, "வண்டி எண் இன்னது, இத்தனை மணிக்கு என்னிடம் ஒப்படைக்கப்பட்டது" என்று எழுதிக் கொடுத்தால் ஸ்டேஷனுக்கும் சுமை குறையும். வண்டி ஸ்டேஷனுக்குப் போய்விட்டால் கிலோமீட்டர், ஸ்டெப்னி, மியூசிக் சிஸ்டம், டயர் நிலை எல்லாவற்றையும் ஒப்படைக்கும்போதே படம் எடுங்கள். வெளியே எடுக்கும்போது பேட்டரி காணோம் என்று சொன்னால் கேட்க ஆள் இருக்காது.

நைட் ரவுண்டு

இவ்வளவு எதுக்குங்க? கோர்ட்டுக்குப் போனோமா, ஒத்துக்கிட்டோமா, பத்தாயிரம் கட்டினோமா, வந்தோமா. இதுக்கு வக்கீல் வெச்சா அவர் ஃபீஸே அதைவிட ஜாஸ்தி.

கோர்ட் வராண்டா

ஃபீஸ் பற்றிச் சொன்னது உண்மைதான், மறுக்கவில்லை. ரீடிங் 140, பிரின்ட் சுத்தமாக இருக்கிறது, ஆளும் ஒத்துக்கொள்கிறார் என்றால் நானே ஒத்துக்கொள்ளத்தான் சொல்வேன். ஆனால் என்ன வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும். ஒத்துக்கொள்வது ஹெல்மெட் ஃபைன் கட்டுவது மாதிரி அல்ல, அது குற்றவாளி என்ற தீர்ப்பு.

2019-க்கு முன், மூன்று வருடத்துக்குள் மறுபடி செய்தால்தான் "இரண்டாவது குற்றம்". அந்த மூன்று வருட வரம்பைத் திருத்தம் எடுத்துவிட்டது. 25 வயதில் பைக்கில் மாட்டி ஒத்துக்கொண்டவர் 45 வயதில் காரில் மாட்டினாலும் இரண்டாவது குற்றம்தான்: 2 வருடம் வரை சிறை, அல்லது 15,000 ரூபாய், அல்லது இரண்டும். அதோடு 22(2)-ன்படி 185-ல் மறுபடி தண்டனை பெற்றால் லைசென்ஸை கோர்ட் ரத்து செய்தே ஆக வேண்டும். "செய்யலாம்" என்று அங்கே இல்லை.

மஞ்சள் போர்டுக்கு இதுதான் பத்தாயிரத்தைவிடப் பெரிய அடி. 206(4)-ன்படி போலீஸ் லைசென்ஸை வாங்கி ஆர்டிஓவுக்கு அனுப்பும். 19(1ஏ)-ன்படி முதல் முறை 3 மாதம் தகுதி நீக்கம், அடுத்த முறை லைசென்ஸே ரத்து. ஆர்டிஓ உங்கள் தரப்பைக் கேட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும், காரணத்தை எழுத வேண்டும், விட்டுவிடவும் அவருக்கு அதிகாரம் உண்டு. நோட்டீஸுக்குப் பதில் போடாமல் இருந்துவிட்டு 3 மாதம் வண்டி ஓட்ட முடியாமல் உட்கார்ந்திருப்பவர்கள்தான் அதிகம். பதிலில் பிரின்ட் குறை, ரீடிங் விளிம்பு, ஓட்டுவதே பிழைப்பு என்பதையெல்லாம் எழுதலாம். உத்தரவு பிடிக்காவிட்டால் 30 நாளுக்குள் அப்பீல்.

லைசென்ஸை வாங்கும்போது தரும் சீட்டைக் கவனியுங்கள். 206(2)-ல் வாங்கினால் அந்தச் சீட்டை வைத்து, அதில் உள்ள தேதி வரை ஓட்டலாம். 206(4)-ல் வாங்கினால் ஓட்ட முடியாது. சீட்டு இரண்டும் பார்க்க ஒரே மாதிரி. தகுதி நீக்கக் காலத்தில் ஓட்டினால் 182-ல் தனிக் கேஸ், 3 மாதம் வரை சிறை அல்லது 10,000 அல்லது இரண்டும்.

கோர்ட்டில் எதிர்த்து நடத்துவது எப்போது அர்த்தமுள்ளது? ரீடிங் 31 முதல் 40-க்குள், 15 நிமிஷம் பொறுக்கவில்லை, பூஜ்யம் பார்த்த தடம் இல்லை, நேரங்கள் பொருந்தவில்லை, நிறுத்தியபோது ஓட்டியவர் யார் என்பதே குழப்பம் என்றால் நடத்தலாம். முதல் குற்றத்துக்கு 6 மாதம்தான் அதிகபட்சம் என்பதால் பிஎன்எஸ்எஸ் 514-ன்படி ஒரு வருடத்துக்குள் புகார் தாக்கலாகியோ எஃப்ஐஆர் பதிவாகியோ இருக்க வேண்டும். அப்படியே கிடக்கட்டும் என்று விடுவதும் நல்லதல்ல. கோர்ட்டில் நிலுவையில் உள்ள குற்ற வழக்கு பாஸ்போர்ட் வெரிஃபிகேஷனில் வந்து நிற்கும்.

க்ளெய்ம் டெஸ்க்

விபத்து நடந்திருந்தால் மேலே சொன்னதெல்லாம் சின்ன விஷயமாகிவிடும். அதையும் குறிப்பில் இரண்டு வரி சேருங்கள்.

சொந்த வண்டியின் சேதத்துக்கு க்ளெய்ம் கிடைக்காது. "மெஷினில் ஊதவே இல்லை, 30-க்கு மேல் என்று நிரூபிக்கட்டும்" என்ற வாதத்தை 2021 ஏப்ரலில் இஃப்கோ டோக்கியோ - பேர்ல் பெவரேஜஸ் தீர்ப்பு முடித்துவிட்டது. பாலிசியில் உள்ள சொல் "போதையின் பிடியில்". அதை மற்ற சாட்சியங்களைக் கொண்டும் கம்பெனி நிறுவலாம் என்றது சுப்ரீம் கோர்ட். கிரிமினல் கேஸில் எண் இல்லாமல் தப்பித்தவர் இன்ஷூரன்ஸில் தப்பிக்க முடியாது. அடிபட்ட மூன்றாம் நபருக்குக் கம்பெனியை முதலில் கொடுக்கச் சொல்லி, பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ள விடுவது கோர்ட்டுகளின் வழக்கம். வசூலிக்கப்படுவது டிரைவரிடமிருந்து மட்டும் அல்ல, டிராவல்ஸ் உரிமையாளர் பேரிலும் வரும்.

உயிர் போனால் பிஎன்எஸ் 106(1), கவனக்குறைவால் மரணம், 5 வருடம் வரை, ஜாமீன் உண்டு. ஆனால் குடித்திருந்தது தெரிந்தால் 105-ஐ, அதாவது கொலை ஆகாத மரணம் விளைவித்த குற்றத்தைச் சேர்ப்பார்கள், அதில் ஜாமீன் கேட்டுப் பெற வேண்டும். மும்பையில் 2006-ல் நடைபாதையில் தூங்கிய ஏழு பேர் இறந்த வழக்கில் அலிஸ்டர் பெரேராவுக்கு அந்த வகைக் குற்றத்தில்தான் தண்டனை, 2012-ல் சுப்ரீம் கோர்ட் அதை உறுதி செய்தது.

டிரைவரே ஆஸ்பத்திரியில் உள்நோயாளி என்றால், கவனிக்கும் டாக்டருக்குச் சொல்லாமலோ, அவர் ஆட்சேபித்தாலோ மூச்சு மாதிரி கேட்க முடியாது. அங்கே இருக்கும்வரை 203-ல் கைதும் செய்ய முடியாது.

மஞ்சள் போர்டு

கடைசியாக ஒன்று. பக்கத்து சீட்டில் இருப்பவருக்கும் கேஸ் என்று 2022-ல் சென்னை போலீஸ் அறிவித்தது ஞாபகம். கிளீனர், பயணி எல்லோரும் மாட்டுவார்களா?

கோர்ட் வராண்டா

அது 188-வது பிரிவு, 185-க்கு உடந்தை. தண்டனை அதே 185 தண்டனை. ஆனால் உடந்தை என்றால் தூண்ட வேண்டும், உதவ வேண்டும், அல்லது சேர்ந்து திட்டமிட வேண்டும். பின் சீட்டில் தூங்கிய பயணி, "பஸ் கிடைக்கலைன்னு ஏறினேன்" என்கிற ஆள், இவர்களெல்லாம் அதற்குள் வர மாட்டார்கள். கேஸ் போட்டாலும் எதிர்த்து நிற்கலாம். சேர்ந்து குடித்துவிட்டு "நீயே ஓட்டு மச்சி" என்று சாவியைக் கொடுத்தவர் வருவார்.

இந்தப் பிரிவில் நிஜமாகவே யோசிக்க வேண்டியவர் நீங்கள்தான் சார். டிரைவர் குடித்திருப்பது தெரிந்தும் ஆள் இல்லை என்று ட்ரிப்புக்கு அனுப்பினால் சாவி கொடுத்தவர் நீங்கள் ஆகிறீர்கள். ட்யூட்டி ஷீட்டில் சாவி கொடுத்த நேரம், கொடுத்தவர் கையெழுத்து இரண்டுக்கும் கட்டம் போடுங்கள். ஒரு கையடக்க மெஷின் ஆபீஸில் வைத்து அதிகாலை ட்ரிப் டிரைவர்களை ஊதவைத்தால் அந்த எண்ணுக்கும் ஒரு கட்டம். 30-க்குக் கீழ் என்று வந்தாலும் பூஜ்யம் இல்லை என்றால் அனுப்பாதீர்கள், ஆபீஸ் மெஷினும் போலீஸ் மெஷினும் ஒரே எண்ணைக் காட்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.